வேலந்தாவளத்துச் சுழிச் சக்கரம்

சக்கரம் சுற்றுகிறது! மோட்டார் இல்லை, பெல்ட் இல்லை, பின்னால் நின்று தள்ளிவிட ஆளும் இல்லை, தானாகவே சுற்றுகிறது! தமிழ்நாட்டு எல்லையோரத்து வேலந்தாவளம் மாட்டுச் சந்தையை ஒட்டிய பழைய புண்ணாக்குக் கிடங்கில், மாட்டுக்குச் சுழி பார்த்துப் பலன் சொல்லும் சுழிச் சித்தர் என்ற மகான் எழுந்தருளியிருக்கிறார். அவர் சுவரில் மாட்டிய சக்கரம் தெய்வ சக்தியால் சுற்றுகிறது. போய்ப் பாருங்கள், பார்த்துவிட்டுக் காணிக்கை போடுங்கள்!

நம் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தால் எதிர்வீட்டுக்குச் சொல்ல மாட்டோம். அற்புதம் என்றால் மட்டும் மலை ஏறிப் போய்ச் சொல்லுவோம். பள்ளிவாசல் என்ற மலையூரின் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஜீப் பிடித்து வந்தார்கள். குமுளியிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு மாடே கிடையாது.

"சாமி, நம்மகிட்ட ஏலக்காக் கடைதான் இருக்கு. அதுக்குச் சுழி பாப்பீகளா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்" என்றார் சித்தர். காணிக்கை உண்டென்றால் அவர் மலைக்கே சுழி பார்ப்பார்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்கு வட்டமாக வெட்டிய பலகை. அதில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். அவை வளையத்துக்குள் வளையமாக, ஒன்றன் பின் ஒன்று துரத்துவதுபோல் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. கண்ணை அங்கும் இங்கும் ஓட்டிப் பார்த்தால் வளையங்கள் மெல்ல நகரும். பார்க்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும். பையிலிருந்து பணம் தானாக வெளியே வரும்.

இளவட்டங்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். என்ன ஆச்சரியம், போட்டோவிலும் சக்கரம் சுற்றியது! "சக்தி போனுக்குள்ளயும் வந்துருச்சுடோய்!" என்று கூவினார்கள். போட்டோ அசையாது. அசையாத போட்டோவில் ஒன்று அசைகிறது என்றால் அசைவது எது என்று ஒருவராவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஃபார்வர்டு செய்தார்கள்.

சந்தைக்கு வருகிறவர்கள் மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள், கடைசியில் சுழி பார்ப்பார்கள். மாட்டின் தோலில் மயிர் சுருண்டிருக்கும் இடம்தான் சுழி. இந்த இடத்தில் இருந்தால் ராஜயோகம், அந்த இடத்தில் இருந்தால் குடும்ப நாசம் என்று நம் விவசாயி தலைமுறை தலைமுறையாக மாட்டின் முதுகைத் தடவித் தன் தலையெழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான். அதிலாவது ஒரு வசதி இருந்தது. சுழி மாட்டின் மேல் இருந்தது. "இல்லை, இது நல்ல சுழி" என்று நீங்களும் தடவிப் பார்த்துச் சண்டை போடலாம். சித்தர் வந்ததும் மாட்டின் சுழி சுவருக்கு ஏறிவிட்டது. தோலில் கிடந்த மயிர் பலகைக்கு எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. சுழி என்றால் வட்டம், சக்கரமும் வட்டம். நம் ஆட்களுக்கு இதற்குமேல் சாட்சி எதற்கு?

அன்றைய சந்தையில் வரிசையில் நின்றவர்களில் நஞ்சப்பன் ஒருவர். ஒழலப்பதிப் பக்கம் தோட்டம், தென்னை, ஒரு போர்க் குழாய். கூடவே மனைவி பழனாத்தாள். அவள் கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் செவலைப் பசு. நிறைசினை. இன்றோ நாளையோ கன்று போட வேண்டிய மாடு.

செவலை அந்த வீட்டிலேயே பிறந்தது. தாய் மாடு கன்று போட்ட கையோடு செத்துப்போக, பழனாத்தாள் பக்கத்துத் தோட்டங்களில் பால் கேட்டு வாங்கி, புட்டியில் ஊட்டி வளர்த்த கன்று. அது இப்போது தன் முதல் கன்றைப் போடப் போகிறது. மாடு கட்டும் கட்டுத்தாரையில் புது வைக்கோல் பரப்பிக் காத்திருந்தவளிடம், "இந்த மாட்டுனாலதான் நமக்குக் கெரகம் புடிச்சிருக்குது" என்றார் நஞ்சப்பன்.

கிரகம் இதுதான். போர் மோட்டார் புகைந்துவிட்டது. மொபெட்டிலிருந்து விழுந்து நஞ்சப்பனுக்கு முழங்கால் வீங்கியது. மோட்டார் புகைந்ததற்குக் காரணம் குறைந்த மின்னழுத்தம் என்று மெக்கானிக் சொன்னார். மொபெட்டிலிருந்து விழுந்ததற்குக் காரணம், ஓட்டிக்கொண்டே செல்போனில் சுழிச் சக்கர வீடியோ பார்த்தது. ஆனால் மாட்டுத் தரகர் அர்த்தநாரி வீடு தேடி வந்து, "ஊட்டுல எதோ சுழி சரியில்லீங்க. சாமிகிட்ட ஒரு எட்டு காட்டிப்போடுங்க" என்று சொன்னபோது, மின்சாரமும் செல்போனும் நிரபராதிகள் ஆகிவிட்டன. குற்றவாளிக் கூண்டில் செவலை நின்றது.

வரிசை நகரவே இல்லை. ஆண்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழனாத்தாளிடம் செல்போன் இல்லை. அதனால் அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சித்தருக்கு அன்று பிடித்த சனி அதுதான்.

ஒவ்வொரு மாடு வரும்போதும் தரகர் அர்த்தநாரி முன்னால் போய்ச் சித்தரை வணங்குவார். சித்தர் தம் காவித் துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போர்த்துவார். துண்டுக்குள் ஏதோ நடக்கும். அர்த்தநாரி பக்தியோடு தலையாட்டிவிட்டு விலகுவார். பிறகுதான் சக்கர தரிசனம்.

பழனாத்தாள் கணவரின் காதருகே குனிந்தாள்.

"ஏனுங்க மாமா, சாமியாருக்கும் தரகருக்கும் துண்டுக்குள்ள என்னுங்க வேலை?"

"அது தீட்சை புள்ள. சத்தம் போடாத."

"சந்தைல மாட்டுக்கு வெலை பேசறாப்பலயே இருக்குதுங்களே?"

"சாமி கும்புடற எடத்துல வெலை கிலைன்னு பேசாத. பாவம் சேரும்."

நஞ்சப்பன் எத்தனையோ சந்தை பார்த்தவர். துண்டு போட்டு மறைத்து, விரலைப் பிடித்து, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விலை பேசுவதில் கெட்டிக்காரர். ஆனால் துண்டின் நிறம் காவியானதும் மூளையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டார்.

பழனாத்தாள் மறுபடியும் பார்த்தாள். எலும்பும் தோலுமாக ஒரு கிழட்டு மாட்டைப் பூச்சி அரித்த குடைபோல இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். சித்தர் கையைத் தூக்கினார்.

"நடுவில் உள்ள பொட்டைப் பார். கண்ணை அசைக்காதே. மூச்சைப் பிடி. என்ன தெரிகிறது?"

"நின்னுபோச்சுங் சாமி! அசையவே இல்லீங்!"

"சாந்த சுழி. இந்த மாடு மகாலட்சுமி. விற்காதே. ஓட்டிப் போ."

அடுத்து மடி கனத்த கறவை மாடு ஒன்று வந்தது. துண்டு விழுந்தது, எழுந்தது. சித்தரின் குரல் மாறியது.

"விளிம்பைப் பார்! வலமாகக் கண்ணை ஓட்டு! எங்கும் நிறுத்தாதே! என்ன தெரிகிறது?"

"ஐயோ! சுத்துதுங் சாமி! சுத்துதுங்!"

"கெட்ட சுழி! பொழுது சாய்வதற்குள் கை மாற்று!"

கை மாற்ற அர்த்தநாரி பக்கத்திலேயே தயாராக நின்றார். பிறர் பாவத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொள்ளும் தியாகி போல முகத்தை வைத்துக்கொண்டு, பாதி விலைக்குக் கயிற்றை வாங்கினார். கிடங்கின் பின்பக்கம் அவருடைய மினி லாரியில் கெட்ட சுழிகள் வரிசையாக நின்று வைக்கோல் தின்றன. வந்தவரைக்கும் கணக்கு ஒன்றுதான். காய்ந்த மாடெல்லாம் மகாலட்சுமி, கறக்கும் மாடெல்லாம் மூதேவி. தெய்வத்துக்குப் பால் பிடிக்காது போலிருக்கிறது.

பழனாத்தாள் நின்ற இடத்திலிருந்தே பொட்டைக் கண் கொட்டாமல் பார்த்தாள். சக்கரம் நின்றது. விளிம்பில் கண்ணை ஓட்டினாள். சுற்றியது. மறுபடியும் பொட்டு. நின்றது. அவளுடைய முறை வரவில்லை. மாட்டைக் காட்டவில்லை. காணிக்கையும் போடவில்லை. ஆனாலும் சக்கரம் அவள் சொன்னபடி கேட்டது.

நஞ்சப்பனின் முறை வந்தது. அர்த்தநாரி செவலையின் மடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் போனார். துண்டு விழுந்தது, எழுந்தது.

"விளிம்பைப் பார்!" என்றார் சித்தர்.

"சுத்துதுங் சாமி!" என்று நஞ்சப்பன் அலறியதில் முழங்கால் வலியே மறந்துபோனது.

"கொடிய சுழி. இந்த மாடு உன் வீட்டில் கன்று போட்டால் குடும்பம் கவிழும். இப்போதே கை மாற்று."

நஞ்சப்பன் பழனாத்தாள் கையிலிருந்த கயிற்றைப் பிடித்தார். அவள் விடவில்லை.

"மாமா, வேண்டாமுங்க. நாளைக்குக் கன்னு போடற மாடுங்க. லாரில ஏத்துனா வழிலயே செத்துப்போகுமுங்க."

"நீ உடு. சாமி சொல்லீட்டாரு. குடும்பம் பெருசா, மாடு பெருசா?"

"மாடும் குடும்பந்தானுங்க."

இந்தக் கட்டத்தில் செவலை தன் கருத்தைத் தெரிவித்தது. சித்தரின் பீடத்துக்கு நேர் எதிரே வாலைத் தூக்கித் தாராளமாகச் சாணி போட்டது. கூட்டம் முகம் சுளித்தது. பழனாத்தாள் மட்டும் அந்தச் சாணியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு கயிற்றைக் கணவரிடம் கொடுத்துவிட்டுச் சித்தரைக் கும்பிட்டாள்.

"சரிங் சாமி, குடுத்துப்போடறோமுங்க. அதுக்கு முன்னாடி ஒரு புள்ளையாரு மட்டும் புடிச்சு வச்சுக்கறனுங்க. அவரக் கும்புடாம எந்தக் காரியத்த ஆரம்பிக்கறதுங்க?"

"சரியான பேச்சு!" என்றது கூட்டம். சித்தரால் என்ன சொல்ல முடியும்? பிள்ளையார் வேண்டாம் என்று எந்தச் சாமியார் சொல்லிப் பிழைப்பு நடத்த முடியும்? பெருந்தன்மையோடு கையை அசைத்தார்.

பழனாத்தாள் குனிந்து சூடான சாணியை உருட்டிப் பிடித்தாள். செவலைக்குக் கொண்டுவந்த புல் கட்டிலிருந்து அருகம்புல் ஒன்றைக் கிள்ளி உச்சியில் செருகினாள். தரையில் வைப்பாள் என்று எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் நேராகச் சுவருக்குப் போனாள். பாதி பலகையின் விளிம்பிலும் பாதி சுவரிலுமாகப் பிள்ளையாரை ஓங்கி அப்பினாள்.

சித்தர் பீடத்திலிருந்து எழுந்துவிட்டார். "ஏனம்மா! அங்கே எதற்கு வைத்தாய்?"

"சக்கரத்துக்குத்தானுங்களே சக்தி? அதும்பக்கத்துல இருந்தாத்தானுங்க புள்ளையாருக்கும் மருவாதி."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பழனாத்தாள் கையைச் சேலையின் பின்கொசுவத்தில் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எல்லாரும் விளிம்பப் பாருங்க. கண்ண நிறுத்தாம ஓட்டுங்க. சக்கரம் சுத்துதுங்களா?"

"சுத்துது! சுத்துது!"

"நல்லாச் சுத்துதுங்களா?"

"அமோகமாச் சுத்துது தாயி!"

"அப்புறம் புள்ளையாரு எங்கீங்க?"

கூட்டம் பிள்ளையாரைத் தேடியது. அவர் எங்கும் போகவில்லை. வைத்த இடத்திலேயே, பாதி பலகையில், பாதி சுவரில், அருகம்புல்லோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"சக்கரம் சுத்துனா அவரும் கூடச் சுத்தோணும். இல்லாட்டிப் பாதி பிஞ்சு போகோணும். ஒரு விரிசல்கூட விழுகலீங்களே?"

இவ்வளவு காலம் பிள்ளையார் என்னென்னவோ வேலை பார்த்திருக்கிறார் என்பார்கள். நானறிந்து அவர் பார்த்த முதல் உருப்படியான வேலை இதுதான்.

சித்தர் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினார். "பக்தர்களே! விநாயகர் தம் வலிமையால் சக்கரத்தைத் தடுத்து நிறுத்திவிட்டார்!"

"ஆகா!" என்றார் நஞ்சப்பன், மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே.

"நிறுத்திப்போட்டாருங்களா?" என்றாள் பழனாத்தாள். "அப்ப நின்னிருக்கோணுமே? மாமா, நீங்களே பாத்துச் சொல்லுங்க. நின்னுபோச்சுங்களா?"

நஞ்சப்பன் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். "இல்ல புள்ள. இன்னும் சுத்துது" என்றார்.

"புள்ளையாரு புடிச்சு நிறுத்துனப்புறமும் சுத்துதுன்னா, சுத்தறது சக்கரமில்லீங்க. நம்ம கண்ணு. இப்ப எல்லாரும் நடுப்பொட்டப் பாருங்க. அசையாமப் பாருங்க."

எல்லோரும் பொட்டை முறைத்துப் பார்த்தார்கள். "நின்னுபோச்சு" என்றது ஒரு குரல். "எனக்கும் நின்னுபோச்சுங்" என்றது இன்னொன்று.

"விளிம்பப் பாருங்க."

"சுத்துது!"

"பொட்டு."

"நின்னுருச்சு!"

சித்தர் தவமிருந்து பெற்ற சக்தியைக் கட்டுத்தாரை கூட்டுகிற பெண் ஒருத்தி ஒரே நிமிடத்தில் கூட்டத்துக்கே தானம் செய்துவிட்டாள். ஏலக்காய்க் கடைக்காரர் கண்ணை ஓட்டி ஓட்டிச் சக்கரத்தைச் சுற்ற விட்டும் நிறுத்தியும் விளையாடிக்கொண்டிருந்தார்.

"இப்ப ரோசனை பண்ணிப் பாருங்க" என்றாள் பழனாத்தாள். "பொட்டப் பாருன்னு ஆருகிட்டச் சொன்னாரு, விளிம்பப் பாருன்னு ஆருகிட்டச் சொன்னாரு?"

கிழட்டு மாட்டுக்காரர் கையைத் தூக்கினார். "என்னையப் பொட்டப் பாக்கச் சொன்னாருங்க." கறவை மாட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர், "என்னைய விளிம்ப" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, பின்பக்கம் நின்ற மினி லாரியைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். அர்த்தநாரியும் பார்த்தார், ஆனால் வாசலை.

நஞ்சப்பன் செவலையின் கயிற்றை மனைவி கையில் கொடுத்தார். பிறகு நொண்டிக்கொண்டே பீடத்துக்குப் போய்ச் சித்தரின் காவித் துண்டை உருவினார். சித்தரின் கையைப் பிடித்து, இரண்டு கைகளின் மேலும் அதைப் போர்த்தினார். சந்தையில் அவர் எப்போதும் செய்வதுதான்.

"இப்பச் சொல்லுங் சாமி. எஞ்செவலைக்கு எத்தன வெரலு புடிச்சீங்க?"

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று..."

"வாயில சொல்ல வேண்டாம். வெரல்ல சொல்லுங்க."

துண்டுக்குள் நஞ்சப்பனின் பிடி இறுகியிருக்க வேண்டும். சித்தரின் முகம் கோணியது. அவருடைய விரல்கள் ஒப்புக்கொண்டன. நஞ்சப்பனின் கண் சிவந்தது. தெய்வத்தின் பேரால் ஏமாற்றியதைக்கூட அவர் மன்னித்திருப்பார்.

"பாதி வெலையா? எஞ்செவலைக்குப் பாதி வெலையாடா போட்டே? நிறைசினை மாட்டுக்கு?"

கூட்டம் பாய்ந்தது. லாரிக்குப் போன வழியை மறித்துவிட்டதால், அர்த்தநாரி லாரியை விட்டுவிட்டு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கால்நடையாகவே தியாகப் பயணம் போனார். மாட்டுக்காரர்கள் தங்கள் தங்கள் மூதேவிகளை ஆசையோடு இறக்கிக்கொண்டார்கள். சித்தருக்குத் தப்ப வழியில்லை. ஜடையைப் பிடித்தவன் கையில் ஜடை வந்துவிட்டது. கீழே சீவிய கிராப்பு. செந்தமிழும் ஜடையோடு போய்விட்டது.

"அடிக்காதீங்கண்ணா! எம்பேரு பூபதிராஜாங்க. கோயமுத்தூர்ல ஒரு ஓட்டல்ல சப்ளையரா இருந்தனுங்க. அழகுக்குன்னு அங்க சுவத்துல மாட்டியிருந்த படமுங்க இது. சாப்புட வர்றவங்களுக்குத் தல சுத்துதுன்னு மொதலாளி கழட்டி வீசிப்போட்டாருங்க. வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தனுங்க!"

கேட்டீர்களா? யாரோ ஒரு ஓவியர் கணக்காகக் கட்டம் பிரித்து, நிறம் அடுக்கி, அசையாத பலகையை அசைவதுபோல் காட்டியிருக்கிறார். பார்க்கிறவன் வியக்கட்டும், தன் கண் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கட்டும் என்பதற்காக உழைத்திருக்கிறார். அதைச் சாதமும் சாம்பாரும் சாப்பிட வந்தவர்களே, தலை சுற்றுகிறது, இது படத்தின் வேலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் மாட்டை அவிழ்த்துக் கொடுத்தோம்.

போலீஸ் ஜீப் வந்து பூபதிராஜாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். நம் மக்களைப் பற்றித் தெரியாதவர்கள் முடிந்தது என்றுதான் நினைப்பார்கள்.

பழனாத்தாள் வெளியே செவலைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, புல் கட்டை எடுக்க உள்ளே வந்தாள். சுவருக்கு முன்னால் ஒரு கும்பல் நின்றது. சாணிப் பிள்ளையாருக்கு யாரோ செம்பருத்திப் பூ வைத்திருந்தார்கள். கற்பூரம் எரிந்தது. உண்டியலாக ஒரு பிளாஸ்டிக் டப்பாகூட வந்துவிட்டது. முன்வரிசையில் கைகூப்பிக் கண்மூடி நின்றவர் நஞ்சப்பன்.

"என்னுங்க மாமா இது?"

"சக்கரம் நிறுத்துன புள்ளையாரு. பயங்கர சக்தி. நீயும் கும்புட்டுக்க புள்ள."

பழனாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை; கோபம்தான் வந்தது. வாங்கிய அடி காய்வதற்குள் அடுத்த கன்னத்தைத் தேடிப்பிடித்துக் காட்டுகிற ஜனம்! அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கற்பூரத்தை ஊதி அணைத்தாள். சாணியைச் சுவரிலிருந்து வழித்து எடுத்தாள்.

"ஐயோ, அபச்சாரம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"இது எஞ்செவலை போட்ட சாணிங்க. நாந்தான் உருட்டுனேன், உங்க கண்ணு முன்னாலதான் உருட்டுனேன். எருக்குழிக்கு ஆகும். உங்களுக்கும் வேணும்னா உங்க மாட்டுகிட்டக் கேட்டுக்குங்க."

புல் கட்டின் மேல் சாணியை வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் செவலை, அதன் பின்னால் நொண்டி நொண்டி நஞ்சப்பன். மறுநாள் விடிவதற்குள் செவலை கன்று போட்டது. பெண் கன்று, கிடேரி. குடும்பம் கவிழவில்லை. சீம்பால்தான் பொங்கியது, அதை இரண்டு தம்ளர் குடித்தவரும் நஞ்சப்பன்தான். கன்றுக்குச் சுழி பார்க்க அவர் கையை நீட்டியபோது, பழனாத்தாள் அந்தக் கையில் சாணிக் கூடையைக் கொடுத்தாள்.

கண் ஏமாறும், ஐயா. அது அதன் இயல்பு. ஏமாந்த கண்ணைத் திருத்தத்தான் அதற்கு மேலே இன்னொன்று வைத்திருக்கிறோம். ஆகவே சந்தைக்குப் போகிறவர்களே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போங்கள். தலையில் போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். தலைக்கு வேறு வேலை இருக்கிறது.